கேட்காமல் வளர்ந்த பிள்ளைகள்

போன வாரம் இரண்டு ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. இரண்டு நாவல்கள் பிடித்து வைத்துக்கொண்டன. இரண்டுமே லிஸ் டாம்ஃபோர்ட் என்ற அமெரிக்க எழுத்தாளர் எழுதியவை. சிகாகோ நகரத்து விளையாட்டு வீரர்களை வைத்து 'விண்டி சிட்டி' என்று அவர் எழுதிய வரிசையில் மூன்றாவது 'காட் அப்', 2023-இல் வந்தது. நான்காவது 'ப்ளே அலாங்', 2024-இல் வந்தது. ஸ்போர்ட்ஸ் ரொமான்ஸ் வகை. ஒரு விளையாட்டு வீரன், ஒரு பெண், நடுவில் ஒரு தடை, கடைசியில் சேர்ந்துவிடுவார்கள். சேர்ந்துவிடுவார்கள் என்று தெரிந்துதான் புத்தகத்தைக் கையில் எடுக்கிறோம். எப்படிச் சேர்கிறார்கள் என்பதற்காகத்தான் நானூறு, ஐநூறு பக்கம் கூடவே போகிறோம்.

இவற்றைப் படிக்கச் சொன்னவள் என் தோழி. "ஒண்ணுல கைக்குழந்தையோட தனியா நிக்கிற அப்பா, இன்னொண்ணுல பொய்க் கல்யாணம். ரெண்டு பேரும் அண்ணன் தம்பி. வரிசையாப் படி" என்றாள். தனியாக நிற்கிற அப்பா என்றதும் வாங்கிவிட்டேன். காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

அண்ணன் பெயர் கய் ரோட்ஸ். விண்டி சிட்டி வாரியர்ஸ் என்ற பேஸ்பால் அணியில் பிட்சர், அதாவது பந்தை எறிகிறவர். நிஜ சிகாகோவில் கப்ஸ், ஒயிட் சாக்ஸ் என்று இரண்டு அணிகள் உண்டு. வாரியர்ஸ் கதைக்காக உண்டாக்கிய அணி. கய் மூக்குக்கண்ணாடி போட்ட, எதற்கும் சட்டென்று சிரிக்காத ஆள். இடுப்பில் எப்போதும் மேக்ஸ் என்ற ஒன்றேகால் வயதுப் பையன். பெற்றவள் குழந்தையைக் கொண்டுவந்து ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டாள்.

பேஸ்பாலை நாம் அதிகம் பார்ப்பதில்லை என்பதால் இந்த ஆளின் கஷ்டம் முதலில் உறைக்காது. ஐ.பி.எல்.லில் ஓர் அணிக்கு லீக் சுற்றில் 14 ஆட்டம். அமெரிக்க பேஸ்பால் லீக்கில் ஆறு மாசத்துக்குள் 162 ஆட்டம். அதில் பாதி, 81 ஆட்டம், வெளியூரில். முதலில் எறிகிற பிட்சர்கள் வழக்கமாக ஐந்து பேர்; முறை வைத்து எறிவார்கள். ஆகவே கய் மாதிரி ஒருவருக்கு ஐந்து நாளைக்கு ஒரு தடவைதான் பந்து கைக்கு வரும். ஆனால் மற்ற நான்கு நாளும் அணியோடு ஊர் ஊராகப் போய்த்தான் ஆகவேண்டும். பால் குடிக்கிற வயசுப் பிள்ளையை வைத்துக்கொண்டு ஒருவன் இதை எப்படிச் செய்வான்? கய் ஆட்டத்தையே விட்டுவிடலாமா என்று யோசிக்கிற இடத்துக்கு வந்துவிடுகிறான். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வருகிறவர்களில் ஒருத்தரும் அவனுக்குச் சரிப்படுவதில்லை. ஒவ்வொருவராக வேலையை விட்டு நிறுத்துகிறான்.

அணியின் தலைமைப் பயிற்சியாளர் மாண்டி. அவருடைய மகள் மில்லர், கேக்கும் டெஸர்ட்டும் செய்கிற பேஸ்ட்ரி செஃப், 25 வயசு. சமையல் உலகத்தின் பெரிய விருது ஒன்று கைக்கு வந்த நேரத்தில் அவளுக்குப் புதிதாக ஒன்றுமே செய்ய வரவில்லை. மாவைப் பிசைந்தால் பாழாகிறது, அடுப்பில் வைத்தால் கருகுகிறது. இரண்டு மாசம் ஓய்வெடுத்துக்கொண்டு அப்பாவோடு இருக்க வருகிறாள். அப்பா அவளை மேக்ஸைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார். மீதிக் கதையை நீங்களே சொல்லிவிடலாம்.

இந்தப் புத்தகத்தில் என்னை உலுக்கியது கய்யும் இல்லை, குழந்தையும் இல்லை. மாண்டிதான். மில்லர் அவர் பெற்ற பெண்ணில்லை. அவர் காதலித்த பெண்ணின் மகள். அந்தப் பெண் இறந்தபோது மாண்டிக்கு 25 வயசு, மில்லருக்கு ஐந்து. பெரிய லீக்கில் ஆடிக்கொண்டிருந்த இளைஞன் ஆட்டத்தை விட்டுவிட்டு, அந்தக் குழந்தையைத் தத்தெடுத்துக்கொண்டு, பயிற்சியாளராக இறங்கிவிடுகிறான். கதை தொடங்கும்போது இதெல்லாம் முடிந்து இருபது வருஷம் ஆகிவிட்டது. எல்லாரும் மாண்டியை எவ்வளவு பெரிய மனுஷன் என்கிறார்கள். உண்மைதான்.

ஆனால் அந்தப் பெண்? தன்னால்தான் அப்பாவின் ஆட்டம் போயிற்று என்று ஐந்து வயசிலிருந்து மனசுக்குள் கணக்கு வைத்திருக்கிறாள். அவர் விட்டதற்கு ஈடாகத் தான் ஏதாவது ஆகிக் காட்ட வேண்டும். விருது, பேர், பத்திரிகையில் படம், எல்லாமே அந்தக் கடனுக்கான தவணை. அதே சமயம் அவருக்குப் பாரமாகிவிடக் கூடாது என்று தள்ளியே வாழ்கிறாள். அப்பா மேல் உயிரை வைத்திருக்கிற பெண் எதற்காக அவர் வீட்டில் தங்காமல் ஊர் ஊராகப் போகிறாள் என்பதற்கு ஆசிரியை காட்டுகிற காரணம் இது. படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் மொட்டை மாடியில் போய் நின்றேன்.

எங்கள் ஊர் கோவில்பட்டி. வெளியூர்க்காரர்களுக்குக் கடலை மிட்டாய் தெரியும். விளையாட்டுக்காரர்களுக்கு ஹாக்கி தெரியும். அப்பா ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. சார். அதோடு டோர்னமென்ட் ஆடப் போகிற டீம் ஒன்றில் லெஃப்ட் அவுட். அம்மா போனபோது எனக்கு ஆறு வயசு. அதற்குப் பிறகு அப்பா வெளியூர் டோர்னமென்ட்டுக்குப் போனதாக எனக்கு நினைவில்லை. ஸ்டிக்கைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி பீரோ மேல் வைத்தார். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதை மட்டும் விடவில்லை. காலை ஐந்தரைக்கு என்னை எழுப்பி, சைக்கிள் முன்கம்பியில் துண்டை மடித்துப் போட்டு உட்கார வைத்து கிரவுண்டுக்குக் கூட்டிப் போவார். ஓரத்து வேப்பமரத்தடியில் ஸ்டிக் பையைப் போட்டு அதன் மேல் என்னைப் படுக்க வைப்பார். பையில் வேர்வையும் ரப்பர் கிரிப்பும் கலந்த ஒரு வாசம். தூக்கத்தில் பந்து கோல் பலகையில் மோதுகிற 'டொப்' சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். இன்றைக்கும் அந்தச் சத்தம் எனக்குத் தாலாட்டுத்தான்.

அத்தை வரும்போதெல்லாம் திண்ணையில் ஒரே பேச்சு. "எத்தனை நாளைக்குத்தான்டா நீயே பொங்கித் திங்கப் போற?" அப்பா பதில் சொல்லமாட்டார். அத்தை உடனே பக்கத்து வீட்டு ஆச்சியிடம் திரும்பி, "எல்லாம் இந்தப் புள்ளைக்காகத்தான் இப்படி நிக்கான்" என்பாள். அத்தை கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, தம்பி மேல் உள்ள பாசத்தில் சொன்னாள். உள்ளே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த எனக்கு அந்த வாக்கியம் மட்டும் தங்கிவிட்டது.

ஒன்பதாம் வகுப்பில் கன்னியாகுமரி, திருவனந்தபுரம் டூர். 350 ரூபாய் கட்டச் சொல்லி ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். நான் அதை வீட்டில் காட்டவில்லை. புவியியல் புத்தகத்துக்குள் வைத்தேன். டூர் போய்வந்த பிள்ளைகள் கிளிஞ்சல் மாலை போட்டுக்கொண்டு வந்த வாரத்தில் அப்பா புத்தகத்துக்கு அட்டை போட எடுத்தவர், சீட்டைப் பார்த்துவிட்டார். "ஏன் பாப்பா கேக்கல?" என்றார். "எனக்குப் போகப் பிடிக்கலப்பா" என்றேன். அவர் நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் சட்டையைத் துவைக்கப் போட்டபோது நான் பையைத் தடவிப் பார்த்தேன். சீட்டு இல்லை. எடுத்து எங்கேயோ பத்திரப்படுத்திவிட்டார்.

அதனால்தான் சொல்கிறேன், மில்லரை எழுதிய கைக்கு இந்த வலி தெரிந்திருக்கிறது. தனி ஆளாக நின்று வளர்க்கிற அப்பாவைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் அப்பா பக்கம்தான் பார்ப்பார்கள். வளர்ந்த பிள்ளை என்ன கணக்கு வைத்திருக்கிறது என்று பார்க்கிறவர்கள் குறைவு.

கய் தன் குழந்தையை ஆட்டக்காரர்கள் உடை மாற்றுகிற அறைக்குக் கூட்டி வருகிறான். அணி முழுக்க மேக்ஸைத் தூக்கி வைத்துக் கொஞ்சுகிறது. படிக்க இதமாக இருக்கிறது. நிஜ சிகாகோவில் இது வேறு மாதிரி நடந்தது. 2016 மார்ச்சில் ஒயிட் சாக்ஸ் வீரர் ஆடம் லரோச், சீசன் தொடங்கும் முன்பே ஓய்வு அறிவித்தார். அவருடைய 14 வயசு மகன் முந்தைய சீசனில் அணியோடேயே இருந்தான். அவனுக்கென்று தனி லாக்கரே உண்டு. நிர்வாகத்தில் பெரிய பொறுப்பில் இருந்த கென்னி வில்லியம்ஸ், பையன் வருவதைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார். லரோச் அந்த வருஷத்துச் சம்பளம் 1.3 கோடி டாலரை விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். சக வீரர்கள் கொதித்தார்கள். கிறிஸ் சேல் என்ற பிட்சர் தன் லாக்கரில் லரோச்சின் சட்டையைத் தொங்கவிட்டார். வேலை செய்கிற இடத்துக்கு யார் தினமும் பிள்ளையைக் கூட்டி வருவார்கள் என்று கேட்டவர்களும் அதே அளவு இருந்தார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் வேப்பமரத்தடியில் தூங்கி வளர்ந்தவள் நான். என்னால் அந்தப் பையன் பக்கம்தான் நிற்க முடியும்.

பிள்ளை பிறப்பதற்காக ஓர் ஆட்டக்காரர் விடுப்பு எடுக்க அந்த லீக்கில் முறையான ஏற்பாடு வந்ததே 2011-இல்தான். ஒரு நாளிலிருந்து மூன்று நாள் வரை. முதலில் அதைப் பயன்படுத்தியவர் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் பிட்சர் கோல்பி லூயிஸ். 2014-இல் நியூயார்க் மெட்ஸின் டேனியல் மர்ஃபி, மகன் பிறந்ததால் சீசனின் முதல் இரண்டு ஆட்டங்களுக்கு வரவில்லை. 162-இல் இரண்டு. அதற்கே வானொலியில் ஒருவர், சீசன் தொடங்கும் முன்பே சிசேரியன் செய்துகொண்டிருக்கலாமே என்று பேசினார். பிறகு மன்னிப்புக் கேட்டார். இந்தச் சூழலைத் தெரிந்துகொண்டு படித்தால் கய் ஏன் இவ்வளவு இறுகிப்போய் இருக்கிறான் என்பது புரியும். ஆடுகிறவன் அப்பாவாகவும் இருப்பான் என்பதை அந்த உலகம் மெதுவாகத்தான் பழகிக்கொள்கிறது.

இனி தம்பி. ஐசையா ரோட்ஸ், அதே அணியில் ஷார்ட்ஸ்டாப், அதாவது பந்தைத் தடுத்துப் பிடிக்கிறவர்களில் ஒருவன். எப்போதும் கலகலப்பு. அணியின் மருத்துவக் குழுவில் இருக்கிற ஒரே பெண் கென்னடி மேல் அவனுக்கு வருஷக்கணக்காக ஒரு கண். அவள் திரும்பியும் பார்ப்பதில்லை. லாஸ் வேகாஸில் ஒரு ராத்திரி இரண்டு பேரும் நன்றாகக் குடித்துவிட்டுக் காலையில் முழிக்கும்போது கல்யாணம் ஆகியிருக்கிறது.

இது நடக்கிற காரியமா என்று கேட்டால், வேகாஸில் நடக்கும். அங்கே திருமண உரிமம் தருகிற அலுவலகம் பண்டிகை நாள் உட்படத் தினமும் நள்ளிரவு வரை திறந்திருக்கிறது. காத்திருக்க வேண்டிய நாள் என்று ஒன்று கிடையாது. நம்மூரில் சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் முன்னறிவிப்பு ஒட்டி வைக்கிறார்கள் இல்லையா, அப்படி எதுவும் இல்லை. பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸ் 2004 ஜனவரியில் அங்கே செய்துகொண்ட கல்யாணம் 55 மணி நேரத்தில் ரத்தானது உலகத்துக்கே தெரிந்த கதை.

இவர்களும் ரத்து செய்திருக்கலாம். ஆனால் ஆட்டக்காரரோடு மருத்துவக் குழுவில் இருப்பவர் பழகக் கூடாது என்பது அணியின் விதி. விஷயம் வெளியே வந்தால் போவது அவள் வேலை, அவனுக்கு ஒன்றும் ஆகாது. நிஜக் கல்யாணம் என்றால்தான் அவள் வேலை தப்பும். அதனால் நாங்கள் நிஜமாகவே காதலித்துத்தான் கல்யாணம் செய்துகொண்டோம் என்று சீசன் முடிகிறவரை நடிக்கிறார்கள். அவள் வேலை எவ்வளவு அருமையானது என்பதற்கு ஒரு தகவல்: அமெரிக்காவின் நான்கு பெரிய ஆண்கள் லீக்குகளில் தலைமை அத்லெடிக் டிரெய்னராக, அதாவது ஆட்டக்காரர்களின் காயத்தைக் கவனிக்கிறவராக, வந்த முதல் பெண் சூ ஃபால்சோன், லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியில். அதுவே 2012 சீசனுக்குத்தான். கென்னடி டாக்டருக்குப் படித்தவள். பெண் என்பதாலேயே மேலதிகாரி அவளை ஒதுக்கி வைத்திருக்கிறார். அந்த இடத்தையும் இழக்க அவளால் முடியாது.

ரமணிசந்திரன் நாவல்கள் படித்து வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு, ஏதோ ஒரு நிர்ப்பந்தத்தில் தாலி கட்டிக்கொண்டு பிறகு மனசு ஒட்டுகிற கதை புதிதில்லை. இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது நிர்ப்பந்தம் ஒரு பெண்ணின் உத்தியோகத்தைக் காப்பாற்ற வந்தது என்பது. அதைவிடப் பிடித்தது இன்னொன்று.

நடிக்க வேண்டுமென்றால் பேசிவைத்துக்கொள்ள வேண்டும். எத்தனை மாசம், யார் முன்னால் கை பிடிப்பது, எந்த வீட்டில் இருப்பது, உனக்கு எது பிடிக்காது. கென்னடி யாருமே கட்டிப்பிடிக்காத ஒரு பணக்கார வீட்டில் வளர்ந்தவள். யாராவது தொட்டாலே உடம்பு விறைக்கிறது. அதை அவள் வாய்விட்டுச் சொல்ல வேண்டி வருகிறது. அவன் அவள் சொல்லும்வரை காத்திருக்கிறான், தோளில் கை வைப்பதற்குக் கூட. இயல்பாகக் காதலித்திருந்தால் அவள் இதைச் சொல்லியே இருக்கமாட்டாள், விலகிப் போயிருப்பாள். நாடகம் என்ற சாக்கு கிடைத்ததால்தான் ஒன்றையும் கேட்டுப் பழகாத ஒருத்தி வாய் திறந்து கேட்கிறாள்.

ஐசையாவும் அப்படித்தான் என்று எனக்குப் பாதிப் புத்தகத்தில்தான் புரிந்தது. சின்ன வயசில் அம்மா கார் விபத்தில் போய்விட்டாள். அப்பா இருந்தும் இல்லாதவர். பள்ளிக்கூடம் போகிற வயசிலேயே அண்ணன் கய்தான் தம்பியை வளர்த்தான். அதாவது கய் மேக்ஸுக்கு மட்டும் தனி அப்பா இல்லை. அதற்கு எத்தனையோ வருஷம் முன்பே தம்பிக்குத் தனி அப்பாவாக நின்றவன். தம்பி அதற்கு என்ன செய்தான்? சிரித்தான். அண்ணனுக்கு இருக்கிற பாரம் போதும், நம்மைப் பற்றியும் அவன் கவலைப்பட வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே இருந்தான். மழை இடித்துக்கொண்டு பெய்தால் மட்டும் தாங்கமாட்டான். தனக்கு வேண்டியவர்கள் எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்தார்களா என்று தெரிகிறவரை அவனுக்கு உயிர் நிற்பதில்லை. அதை அவன் யாருக்கும் காட்டிக்கொள்வதில்லை. மில்லர் விருது வாங்கிக் கடன் கட்டினாள், ஐசையா சிரித்துக் கட்டினான். நான் எதையும் கேட்காமல் இருந்து கட்டினேன்.

இந்த இரண்டு புத்தகத்தையும் அடுத்தடுத்துப் படிக்கச் சொல்வது இதற்காகத்தான். ஒன்றை மட்டும் படித்தால் காதல் கதை. சேர்த்துப் படித்தால் வளர்க்கப்பட்ட பிள்ளைகளின் கதை.

குறைகள் இல்லாமல் இல்லை. மேக்ஸைப் பெற்றவள் கதையில் ஆளாகவே இல்லை. குழந்தையைக் கொடுத்துவிட்டுப் போவதற்கு ஒரு பெண்ணுக்குள் என்னென்ன நடந்திருக்கும்! அதைக் கேட்க ஆசிரியைக்கு நேரமில்லை. கய்யிடம் பணம் கொட்டிக் கிடக்கிறது. வாடகை, பால் காசு, லீவு போட்டால் சம்பளப் பிடித்தம் என்று எதுவும் அவனைத் தொடுவதில்லை. தனியாகப் பிள்ளை வளர்க்கிற ஆணின் பாதிச் சண்டை அதில்தான் இருக்கிறது, அது இங்கே இல்லை. கென்னடியின் மேலதிகாரி வில்லனுக்கு வேண்டிய அளவு மட்டும் எழுதப்பட்டவர். அவனும் அவளுமாக மாற்றி மாற்றிச் சொல்கிற அத்தியாயங்களில் ஒரே எண்ணம் நாலு தடவை வருகிறது. அப்புறம், படுக்கையறைப் பக்கங்கள் நிறைய, எதையும் மறைக்காமல். வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

இதையெல்லாம் எழுதுவதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு போன் போட்டேன். அவருக்கு 70 ஆகிறது. இன்னும் காலையில் கிரவுண்டுக்கு நடக்கப் போகிறார். "என்ன படிக்க?" என்று கேட்டார். கதையைச் சொன்னேன். வேகாஸ் கல்யாணத்தில் அவருக்கு நாட்டமில்லை. மாண்டி பற்றிச் சொன்னபோது மட்டும் குறுக்கே கேட்டார்.

"அந்தக் கோச்சு, வெளையாட்ட விட்டது வருத்தம்னு அந்தப் புள்ளைட்ட எப்பமாவது சொல்லிருக்காரா?"

"இல்லப்பா."

"பெறகு அவளா ஏன் அப்படி நெனச்சிக்கிட்டா?"

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. கொஞ்ச நேரம் அவர் பக்கத்தில் மின்விசிறி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. "அப்பா, பீரோ மேல இருக்கே உங்க ஸ்டிக்கு, அத எனக்குத் தாறீங்களா?" என்றேன். ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை. புத்தகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த சாக்கில் வந்துவிட்டது.

"அதுவா? கிரிப்பெல்லாம் பிஞ்சு கெடக்குமே" என்றார். நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. போனைக் கையில் வைத்துக்கொண்டே ஏறிவிட்டார் போல. "புதுசு வாங்கிச் சுத்தி வைக்கேன் பாப்பா. நீ எப்ப வார?"